ஆம்புலன்ஸில் ஒரு குடித்தனம்

ஒவ்வொரு புருஷனிடமும் கடைசியாக வீசுவதற்கென்று ஓர் ஆயுதம் இருக்கும். சிலர் கதவை அறைந்து சாத்துவார்கள். எங்கள் வீட்டுக் கதவின் கீல் சரியில்லை, அறைந்தால் கையோடு வந்துவிடும். அதைச் சரிசெய்ய வேண்டியவனும் நான்தான். ஆகவே நான் வாயால் அறைவேன்.

“பாத்துக்கிட்டே இரு ரே. ஒரு நாள் இந்த வீட்டை விட்டுட்டு, ஒரு வண்டியில ஏறி, தேசம் பூரா சுத்தப் போறேன். வீடே வேணாம். வண்டிதான் வீடு.”

முப்பது வருஷமாக இதைச் சொல்லி வந்தேன். போவதற்காக இல்லை, சொல்வதற்காக. என் மனைவி ரேலீனும் முப்பது வருஷமாக ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தாள். “போறப்போ குப்பைத் தொட்டியை வெளிய தள்ளி வெச்சுட்டுப் போ.” நானும் தொட்டியைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே வந்து டீ குடிப்பேன். சண்டை சுபமாக முடியும்.

இந்தக் கதையில் யாராவது நிஜமாகவே எங்காவது போக நேரும் என்று தெரிந்திருந்தால், நான் அன்றே கீலைச் சரிசெய்திருப்பேன்.

என் பெயர் கெல்வின். போர்ட் பிரி என்கிற ஊரில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினேன், முப்பத்தொரு வருஷம். காலையில் பக்கத்து ஊரான கிரிஸ்டல் புரூக் போய்ப் பிள்ளைகளை ஏற்றி வருவேன். சாயங்காலம் கிரிஸ்டல் புரூக்கில் கொண்டுபோய் இறக்குவேன். கணக்குப் போட்டால் பூமியைப் பதினெட்டுச் சுற்று சுற்றியிருக்கிறேன். கிரிஸ்டல் புரூக்கைத் தாண்டியதுதான் அபூர்வம். அதிலும் பாதித் தடவை பல் பிடுங்க. பஸ் ஓட்டாத நேரத்தில் காலத்தை ஓட்டினேன்.

பிறகு ஓய்வு பெற்றேன். அங்கேதான் பிரச்சினை. ரேலீன் எனக்கு ஆறு மாதம் முன்பே ஓய்வு பெற்றிருந்தாள். இருபத்துநாலு வருஷம் டாக்டர் கிளினிக்கில் முன்மேஜையில் உட்கார்ந்தவள். யார் உண்மையான நோயாளி, யார் திங்கட்கிழமை வேலைக்குப் போகப் பிடிக்காமல் வந்திருக்கிறான் என்பது கதவைத் திறக்கும் விதத்திலேயே அவளுக்குத் தெரியும். அப்படிப்பட்ட கண் நாள் முழுக்க வீட்டில் இருந்தது. அதன் எதிரில் நானும் நாள் முழுக்க இருந்தேன்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் ஒட்டினாள். கூரைக் கால்வாயில் இலை எடுக்கணும். குளியலறைக்குப் பெயின்ட். வேலி. கீல். பட்டியலின் அடி தரையைத் தொடுவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியது. வேலையைச் செய்வது என்று நான் யோசிக்கவில்லை. அதைவிடப் பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது என்று யோசித்தேன்.

யோசித்தபோது முப்பது வருஷத்து வசனம் கைகொடுத்தது. ஒரு பழைய வண்டியை வாங்குவது. அதை வீடாக மாற்றப் போகிறேன் என்று அறிவிப்பது. ரேலீன் வர மாட்டேன் என்பாள். அவளுக்கு ஈ ஆகாது, அந்நியத் தலையணையில் தூக்கம் வராது. ஆகவே வண்டி ஒரு நாளும் கிளம்பாது. ஆனால் வேலை நடந்துகொண்டே இருக்கும். பெயின்ட் அடிக்கச் சொன்னால், “சக்கரத்து மேல வீடு கட்டிட்டிருக்கேன், தெரியலையா?” என்று கேட்கலாம். ஷெட்டில் பத்து வருஷம் நிம்மதியாக ஒளிந்துகொள்ளலாம். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறவன்கூட இவ்வளவு திட்டம் போட்டிருக்க மாட்டான்.

ரேலீனிடம் மறுநாள் காலையில் பல் டாக்டர் என்று சொல்லிவிட்டு, ஒரு நாள் சாயங்காலம் அடிலெய்டு நகரத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கே அரசாங்கப் பழைய வண்டிகளை ஏலம் விடுகிற இடம் ஒன்று உண்டு. தபால் வேன் வாங்கத்தான் போனேன். தபால் வேனுக்கு என்னைவிட வேகமாகக் கை தூக்க நாலு பேர் இருந்தார்கள். ஓய்வு பெற்ற ஆம்புலன்ஸுக்கு யாருமே கை தூக்கவில்லை. பாவமாக இருந்தது. அதுவும் என்னைப்போல ஒரே ஊரில் ஓடி ஓய்ந்ததுதானே என்று தூக்கிவிட்டேன்.

சைரனையும் விளக்குகளையும் கழற்றியிருந்தார்கள். பக்கவாட்டு எழுத்துகளையும் உரித்திருந்தார்கள். ஆனாலும் எழுத்து இருந்த இடம் மட்டும் பளிச்சென்று, ஆறிய தழும்பு மாதிரி தெரிந்தது. ஊர் திரும்பும் வழியெல்லாம் கார்கள் எனக்கு ஒதுங்கி வழிவிட்டன. அறுபத்துநாலு வருஷத்தில் எனக்கு யாரும் வழிவிட்டதில்லை. கிரிஸ்டல் புரூக் வருவதற்குள் என் முதுகு நிமிர்ந்துவிட்டது.

வீட்டு முன்னால் நிறுத்தியபோது காலை பதினொன்றரை. ரேலீன் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். முந்தின நாள் கூரைமேல் ஏறி இலை எடுப்பதுபோல் பாசாங்கு செய்ததைத் தெருவே பார்த்திருந்தது. இன்று வாசலில் ஆம்புலன்ஸ். தெரு இரண்டையும் கூட்டிக் கணக்குப் போட்டது. நான் களைப்பில் படுக்கையறையில் குப்புற விழுந்து தூங்கிப்போனேன். நடு மதியத்துக்குள் நான் செத்துப் போயிருந்தேன்.

விழித்து வந்து பார்த்தால் வாசற்படியில், சாவு வீட்டுக்கென்று அக்கம்பக்கத்தார் வைத்துவிட்டுப் போன மூன்று லசான்யாத் தட்டுகள், ஒரு கேக். பக்கத்து வீட்டு ஸ்பைரோவின் மனைவி டெஸ்பினா கறுப்பு உடுப்பில் நின்றிருந்தாள். கையில் ஒரு கிண்ணம். வேகவைத்த கோதுமையில் சர்க்கரையும் மாதுளையும் பாதாமும் கலந்தது. கிரேக்கர்கள் செத்தவர்களுக்காகச் செய்வது. என்னைக் கண்டதும் அவள் சிலுவை போட்டுக்கொண்டாள், மூன்று தரம். பிறகு கிண்ணத்தை என் கையில் திணித்துவிட்டு, அவசரமாகச் செய்தது, சர்க்கரை குறைவாக இருந்தால் பொறுத்துக்கொள் என்றாள். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. இதைச் செத்தவர்களுக்கு மட்டும் செய்வது அநியாயம்.

தெருவில் ஒருவர்கூட ரேலீன் செத்திருக்கலாம் என்று நினைக்கவில்லை என்பதைப் பின்னால்தான் யோசித்தேன்.

நாலு மணிக்கு ரேலீன் வந்தாள். தெருமுனையிலேயே இரண்டு பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். அவள் நிதானமாக நன்றி சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். சமையலறையில் பிரேதம் இரண்டாவது லசான்யாவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

“பல்லு நல்லா வேலை செய்யுது போலிருக்கு,” என்றாள்.

நான் எழுந்து நின்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சைப் பேசினேன். இனி இந்த நாலு சுவர் வேண்டாம், இதுதான் நம் வீடு, கடைசி மூச்சுவரை ஓடிக்கொண்டே இருப்போம் என்றேன். பேசிவிட்டு, அவள் ‘முடியாது’ என்று சொல்வதற்காக மரியாதையாகக் காத்திருந்தேன்.

அவள் வெளியே போனாள். வண்டியை ஒரு சுற்று சுற்றினாள். பின்கதவைத் திறந்து ஏறி, ஊழியர் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தாள். ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில், பின்பக்கம் பார்த்தபடி இருக்கும் நாற்காலி. அங்கேயே வெகு நேரம் இருந்தாள். நான் வாசலில் நின்றேன்.

“இதுல எத்தனை பேர் செத்திருப்பாங்க கெல்?”

இங்கே நான் ‘ஏராளம்’ என்று சொல்லியிருக்க வேண்டும். காரியம் முடிந்திருக்கும். ஆனால் வழியெல்லாம் எனக்கு மரியாதை வாங்கித் தந்த வண்டி. அதைப்பற்றி அப்படிப் பேசுவது பொறுக்கவில்லை.

“செத்தவங்களை இதுல ஏத்தவே மாட்டாங்க ரே. பொழைக்கப் போறவங்களைத்தான் ஏத்துவாங்க.”

அவள் என்னைப் பார்த்தாள். “அப்ப சரி.”

“எது சரி?”

“போகலாம்.”

“எங்க?”

“நீதானே சொன்ன. முப்பது வருஷமா சொல்ற. எப்பக் கிளம்பறோம்?”

ஆம்புலன்ஸ் என்கிற வார்த்தையே ‘ஆம்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. அதிலிருந்து ‘இல்லை’யை எதிர்பார்த்தது என் தப்பு.

நான் ஒன்றும் மனம் தளர்ந்துவிடவில்லை. கிளம்புவது என்றால் வண்டி வீடாக வேண்டும். வீடாக்குகிறவன் நான். என்னிடம் சாக்குகள் மூட்டை மூட்டையாக இருந்தன. முதலில் அளந்தேன். டேப்பை வைத்துக்கொண்டு மூன்று வாரம் அளந்தேன்.

“இன்னும் என்ன கெல் அளக்கற?”

“சுவரு நேரா இல்ல ரே. வளைஞ்சிருக்கு.”

“அது வர்றப்பவே வளைஞ்சுதானே வந்துது.”

“அதான். அந்த வளைவைப் புரிஞ்சுக்கணும்.”

அவள் சரி என்றாள். எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற ஆண்கள் கூடி மரவேலை செய்கிற கொட்டகை ஒன்று இருக்கிறது. மனைவியிடமிருந்து தப்பிப்பதற்கென்றே கட்டியது. அதில் புதன்கிழமை மட்டும் பெண்களுக்கு விட்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் வளைவைப் புரிந்துகொண்டிருந்தபோது ரேலீன் புதன்கிழமைதோறும் அங்கே போய் ரம்பம் பிடித்திருக்கிறாள். ஒரு நாள் சாயங்காலம் முழு அலமாரியோடு வந்து இறங்கினாள். சுவர் எங்கே வளைகிறதோ அங்கே பலகையும் வளைந்திருந்தது. ஒரு முடி நுழைய இடமில்லை. குறை கண்டுபிடிக்க நான் உள்ளே தலையை விட்டேன்.

“என்ன தேடற?”

“அழகா இருக்கு,” என்றேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து அவள் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

பழைய மருந்து அறைகளை அவள் மாற்றவில்லை. மேலே ஒட்டியிருந்த சீட்டுகளையும் உரிக்கவில்லை. ‘எலும்பு முறிவு’ என்ற அறையில் கரண்டிகள் வந்தன. ‘தீக்காயம்’ அறையில் தீப்பெட்டியும் டீயும். ‘பிரசவம்’ என்று ஒன்று இருந்தது. அதில் என் உள்ளாடைகளை மடித்து வைத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. சில கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் இருப்பது நல்லது.

அடுத்து மின்சாரம். அதற்கு விவரம் தெரிந்தவன் வர வேண்டும், வரவே கிறிஸ்துமஸ் ஆகிவிடும் என்றேன். மறுநாள் காலை ஸ்பைரோ வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். நாற்பது வருஷம் மீன்பிடிப் படகு வைத்திருந்தவன். பேட்டரி, சோலார், வயர் எல்லாம் அவனுக்கு வலை பின்னுவது மாதிரி. என் மனசில் இருந்த அத்தனையும் தெரிந்த ஒரே ஆளும் அவன்தான். அவனைத் தனியே இழுத்துப் போய் நியாயம் கேட்டேன்.

“நீ யார் பக்கம் ஸ்பைரோ?”

“உன் பக்கம்தான்யா. ஆனா கேக்கு அவ பக்கத்துல இருக்கே.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் கீழ்த்தரத்துக்கும் இறங்கினேன். பாத்திரம் கழுவும் தொட்டியில் பொருத்த வேண்டிய குழாயை எடுத்து என் ரப்பர் பூட்ஸுக்குள் ஒளித்து வைத்தேன். அது அந்த மாடலுக்கென்றே செய்தது, இனிமேல் கிடைக்காது என்று கடைக்காரன் சொன்னதை நான் கேட்டிருந்தேன். மறுநாள் பார்த்தால் தொட்டியில் குழாய் பொருத்தியிருக்கிறது, தண்ணீரும் வருகிறது. பூட்ஸுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். குழாய் அங்கேயும் இருந்தது.

“ரெண்டு வாங்கினியா?”

“ஆமா. ஒண்ணு தொலையும்னு தோணிச்சு,” என்றாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

இப்படியே போயிருந்தால் இதை நான் வெறும் தோல்விக் கதையாகச் சொல்லியிருப்பேன். நடுவில் ஒரு பிஸ்கட் வந்து குறுக்கிட்டது.

ஒரு மழை நாள். ரேலீன் கொட்டகைக்குப் போயிருந்தாள். எனக்கு பிஸ்கட் வேண்டும் போலிருந்தது. எங்கள் வீட்டில் பிஸ்கட் தட்டில் வரும். அது எங்கிருந்து வருகிறது என்று நான் விசாரித்ததில்லை. மளிகை அறைக்குள் போய்த் தேடினேன். கதவின் உட்பக்கத்தில் அவளுடைய ஏப்ரன் தொங்கியது. அதைத் தள்ளினேன். பின்னால் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தது. தேசம் முழுக்க. மடிப்புகள் மஞ்சளாகி, ஓரங்கள் ஒட்டுக்கு மேல் ஒட்டாக. மேற்குப் பகுதியில், கரையோரமாக, பென்சிலால் சின்னச் சின்ன வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் ஒரு வருஷம்.

எஸ்பெரன்ஸ், 1996. அந்த வருஷம் நாங்கள் விடுப்பு எடுப்பதாக இருந்தது. இன்னொரு டிரைவருக்காக நான் என் விடுப்பை விட்டுக்கொடுத்தேன். அவளிடம் கேட்கவில்லை, சொன்னேன். கல்பாரி, 2003. அந்த வருஷம் அவள் அம்மா நடக்க முடியாமல் எங்களோடு வந்து சேர்ந்தாள். ஒன்பது வருஷம் இருந்தாள். ரேலீன் கிளினிக்கிலிருந்து மதியம் ஓடி வந்து அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு ஓடுவாள். 2013-க்கு ஒரு வட்டம். அந்த வருஷம் நான் புது ஷெட் போட்டேன். 2017-க்கு ஒன்று. அதற்குக் காரணம் எனக்கு ஞாபகமே வரவில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

வட்டங்களை எண்ணினேன். பதினேழு. ஒன்றில்கூட நாங்கள் கால் வைத்ததில்லை. சில வட்டங்கள் தவறியதற்குக் காரணம் அவள் அம்மா. மற்றவற்றுக்கு நான். முப்பது வருஷம் நான் வெறும் வாயில் மென்றதை அவள் நம்பியிருக்கிறாள், கதவுக்குப் பின்னால், சத்தம் போடாமல்.

ஏப்ரனைப் பழையபடி தொங்கவிட்டு வெளியே வந்தேன். பிஸ்கட் எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் யாரும் சொல்லாமலே போய் அழுக்குத் தண்ணீர் டேங்கைப் பொருத்தினேன். ரேலீன் வந்து பார்த்தாள். “உடம்பு சரியில்லையா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் நான் ஒழுங்காக வேலை செய்தேன். நம்பலாம். அடுப்பு பொருத்தினேன். படுக்கையை ஸ்ட்ரெச்சர் இருந்த இடத்திலேயே போட்டோம், அகலமாக, இரண்டு பேருக்கு. பின்கதவுக் கண்ணாடியில் இருந்த வெள்ளை ஒட்டுத்தாளைச் சுரண்டி எடுத்தோம். ஊழியர் நாற்காலி மட்டும் இருக்கட்டும் என்றாள் ரேலீன். அது அவளுக்குப் பிடித்துவிட்டது. ஊருக்குப் புதிதாக வந்த கால்நடை டாக்டரும் அவர் மனைவியும் எங்கள் வீட்டை இரண்டு வருஷத்துக்கு வாடகைக்குக் கேட்டார்கள். ரேலீன் கையெழுத்துப் போட்டாள், நானும் போட்டேன். திங்கட்கிழமை அவர்கள் வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிளம்புகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் வீட்டில் நின்றேன். சாமான் இல்லாத வீட்டில் இருமினால் யாரோ பதிலுக்கு இருமுகிற மாதிரி இருந்தது. எலுமிச்சை மரத்தைப் பார்த்தேன், ஷெட்டைப் பார்த்தேன். இந்த ஊரில் பாதிப் பேர் என் பஸ்ஸில் வாந்தி எடுத்தவர்கள். வங்கி மேனேஜர் உட்பட. ரொட்டிக் கடைக்குப் போனால் நான் கேட்பதற்கு முன் எடுத்துத் தருவார்கள். வெளியே போனால் நான் யார்? பழைய ஆம்புலன்ஸில் வருகிற ஒரு கிழவன். வரைபடம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதைவிடப் பெரிதாகப் பயம் வந்தது. சமையலறைத் தரையில் மெதுவாகப் படுத்துக்கொண்டு, “ஆ” என்றேன்.

ரேலீன் வந்து பார்த்தாள்.

“இடுப்புப் பிடிச்சுக்கிச்சு ரே. அசைய முடியல. இன்னைக்குக் கிளம்ப முடியும்னு தோணல.”

அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். “எந்தப் பக்கம்?”

“இடது.”

“கால் மரத்துப் போகுதா?”

“போகுது.”

“எந்தக் கால்?”

“வலது.”

அவள் தலையை ஆட்டினாள். கிளினிக் மேஜையில் உட்கார்ந்து ஆட்டிய அதே ஆட்டம். பிறகு ரொம்ப அன்பாகச் சொன்னாள். “இதை விட்டுவைக்கக் கூடாது. டாக்டர்கிட்டப் போயிடலாம்.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. டாக்டர் எப்படியும் ஆறு வாரம் ஓய்வு என்பார். கால்நடை டாக்டர் வேறு வீடு பார்த்துக்கொள்வார். ஸ்பைரோவும் டெஸ்பினாவும் வழியனுப்ப வந்திருந்தார்கள். ஸ்பைரோ என்னைக் கைத்தாங்கலாகத் தூக்கி வண்டிக்குள் ஏற்றினான். முன் இருக்கை இடுப்புக்கு ஆகாது என்று ரேலீன் என்னை ஊழியர் நாற்காலியில் உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை வைத்து, பெல்ட்டை மாட்டினாள். டெஸ்பினா ஒரு பெரிய டப்பாவை என் மடியில் வைத்து, இரண்டு நாளைக்குத் தாங்கும் என்றாள். ஆஸ்பத்திரிக்கு எதற்கு இரண்டு நாள் சாப்பாடு என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஸ்பைரோ என் கையைப் பிடித்து வெகு நேரம் குலுக்கினான். இடுப்புப் பிடிப்புக்கு இவ்வளவு உருகுகிறானே என்று மறு கையால் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

வண்டி கிளம்பியது. நான் பின்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் எங்கள் தெரு பின்னால் போனது. ரொட்டிக் கடை போனது. ஈயம் உருக்கும் ஆலையின் புகைபோக்கி நட்ட நடுவில் தெரிந்தது. ஊரில் எங்கே நின்றாலும் தெரிகிற புகைபோக்கி அது, அவ்வளவு உயரம். ஆஸ்பத்திரி ஐந்தே நிமிஷம். கண்ணை மூடி, டாக்டரிடம் எப்படி முனகுவது என்று பழகிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது புகைபோக்கி ஒரு விளக்குமாற்றுக் குச்சி அளவுக்கு இருந்தது. கொஞ்ச நேரத்தில் பென்சில். பிறகு தீக்குச்சி. புகைபோக்கி சின்னதாகிக்கொண்டு போனால், அது நகர்ந்து போகிறது என்று அர்த்தமில்லை. இது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதில் தட்டினேன்.

“ரே, ஆஸ்பத்திரி தாண்டிடுச்சு போலிருக்கே.”

“தாண்டிடுச்சு.”

“அப்ப எந்த டாக்டர்கிட்டப் போறோம்?”

“பெர்த்ல ஒரு நல்ல டாக்டர் இருக்காராம்.”

“பெர்த்தா? அது மேற்குக் கோடி, ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல இருக்குமே.”

“அவசரமில்ல. வழியில அங்கங்க நின்னு, மெதுவாப் போகலாம். உன் இடுப்புக்கும் அதான் நல்லது.”

கண்ணாடியில் தீக்குச்சியும் மறைந்தது. கோதுமை வயலும் வானமும் மட்டும் இருந்தன. நான் கொஞ்ச நேரம் முனகிப் பார்த்தேன். அவள் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். போர்ட் அகஸ்டா வரும்வரை டெஸ்பினாவின் டப்பாவில் இருந்த கீரை அடையைச் சாப்பிட்டுக்கொண்டு வந்தேன். துக்கத்தில் பாதி டப்பா காலியாயிற்று.

போர்ட் அகஸ்டா பெட்ரோல் பங்கில் அவள் வண்டியை நிறுத்தினாள். இதை இப்படியே விடக் கூடாது என்று பெல்ட்டைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, ஒரே குதியாகக் குதித்து, விறுவிறுவென்று நடந்து அவள் ஜன்னலுக்குப் போனேன். போய் நின்ற பிறகுதான் நான் நடந்து வந்தது எனக்கே தெரிந்தது.

“டாக்டர் செலவு மிச்சம்,” என்றாள் ரேலீன்.

அவள் இறங்கி வந்தாள். வண்டியின் பக்கவாட்டில், எழுத்துத் தழும்புக்கு அடியில், இரண்டு பேரும் சாய்ந்து நின்றோம். நிலத்தில் அனல். ஈக்கள் வந்தன. அவள் கையை ஒரு வீசு வீசி அவற்றை ஓட்டினாள். அதற்குமேல் அவை அவளை ஒன்றும் செய்யவில்லை.

“அங்க நமக்கு யாரைத் தெரியும் ரே?” என்றேன். என் குரலே எனக்குச் சின்னப் பிள்ளை குரல் மாதிரி கேட்டது.

“என்னைத் தெரியும்ல?”

“உன்னைத் தெரியும்.”

“பாதிதான் தெரியும். மீதியைத் தெரிஞ்சுக்க நேரம் இருக்கு.” வண்டியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். “எனக்கும் பயமாத்தான் இருக்கு கெல். நான் சொல்லலை. சொல்லியிருந்தா நீ உடனே சரி, வேணாம்னு சொல்லியிருப்ப.”

சொல்லியிருப்பேன். ஒரு நிமிஷம்கூட யோசித்திருக்க மாட்டேன்.

வரைபடத்தைப் பார்த்ததை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவள் சாவியை என் கையில் வைத்தாள். தான் மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, பின்னால் போய்த் தூங்கப் போவதாகச் சொன்னாள். படுக்கையில் இல்லை, வண்டி ஓடும்போது பெல்ட் வேண்டும், நாற்காலியிலேயே சாய்ந்துகொள்கிறேன் என்றாள். ஏறி, கதவைச் சாத்திக்கொண்டாள். நான் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

பாலத்தைத் தாண்டினேன். ஊர் முடிகிற இடத்தில் சாலை பிரிகிறது. நேரே போனால் வடக்கு, பாலைவனம். இடது பக்கம் திரும்பினால் மேற்கு, அவளுடைய பென்சில் வட்டங்கள் அத்தனையும். வண்டியை ஒரு வட்டமடித்துத் திருப்பினால் ஒரு மணி நேரத்தில் என் எலுமிச்சை மரம். பின்னால் சத்தமே இல்லை. அவள் தூங்கிவிட்டாள். சாலையில் வேறு வண்டி இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, எந்தப் பக்கம் போவது என்பது முழுக்க என் கையில் இருந்தது.

அங்கே நின்று யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்து இடது பக்கம் ஒடித்தேன். மனசில் என்னமோ பெரிதாக விரிந்தது. இதை என்னைத் தவிர யாரும் முடிவு செய்யவில்லை, யாரும் சொல்லித் தரவில்லை என்று நினைத்தபோது நெஞ்சு நிமிர்ந்தது. பொறுக்க முடியாமல், தூங்குகிறவள் தூங்கட்டும் என்றுகூடப் பார்க்காமல், உரக்கவே சொன்னேன்.

“ரே, நான் முடிவு பண்ணிட்டேன். நாம மேற்கதான் போறோம்.”

பின்னாலிருந்து தெளிவான குரல் வந்தது. தூக்கத்தின் சாயலே அதில் இல்லை.

“ரொம்ப நல்லது கெல். இண்டிகேட்டரைப் போடு.”